எண்ணிக்கை ஏறினால் யார் தலை உருளும்? – வாசகர் கேள்வி பதில்

கொள்ளைநோய்க் காலத்தில் அரசு எப்படி நடந்துகொள்கிறது, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டு நிறையக் கடிதங்கள். இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.

ஒரு மாவட்டத்தில் நோயாளிகள் எண்ணிக்கை தடாலென்று ஏறினால் அது அந்த அதிகாரியின் தோல்விதானே? அவரை மாற்றுவதில் என்ன தப்பு? – திருச்சி வாசகர்

பெரும்பாலும் தப்புதான். எண்ணிக்கை ஏறுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். நோய் நிஜமாகவே பரவியிருக்கலாம், அல்லது அதுவரை யாரும் தேடாத நோயாளிகளை இப்போது ஒருவர் தேடிக் கண்டுபிடித்திருக்கலாம். இரண்டாவது ஆளைத் தூக்கி அடித்தால் பக்கத்து மாவட்ட அதிகாரிகள் அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் பாடம் படித்துக்கொள்வார்கள். மறுநாளிலிருந்து எல்லா மாவட்டத்திலும் நோய் "கட்டுக்குள்" இருக்கும். காகிதத்தில்.

பெரியம்மையை இந்தியாவிலிருந்து விரட்டிய கதையை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 1973 கடைசியில் உத்தரப்பிரதேசம், பீகார் பக்கம் வீடு வீடாகத் தேடலை ஆரம்பித்தபோது, அதுவரை எந்தப் பதிவேட்டிலும் ஏறாத நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். 1974-ல் நாடு முழுக்கப் பதிவானது ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பகுதி பீகார். பத்திரிகைகளில் கிழி கிழி என்று கிழித்தார்கள், பழையபடி எல்லோருக்கும் ஊசி போடுகிற வழிக்கே திரும்பலாம் என்று மாநில அரசுப் பக்கத்திலிருந்தே நெருக்கடி. தேடுகிறவர்கள் விடவில்லை. அம்மை போட்ட குழந்தையின் படம் போட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "இந்த மாதிரி யாருக்காவது இருக்கிறதா" என்று கதவைத் தட்டினார்கள். கண்டுபிடித்த வீட்டைச் சுற்றி மட்டும் எல்லோருக்கும் தடுப்பூசி. புதிய நோயாளியைப் பற்றித் தகவல் சொன்னால் பணம் என்று அறிவித்தார்கள், 50 ரூபாயில் ஆரம்பித்தது ஏறி ஏறிக் கடைசியில் 1,000 ரூபாய் வரை போனது. கெட்ட செய்தி கொண்டுவருகிறவனுக்குப் பரிசு என்ற ஏற்பாடு இந்திய நிர்வாகத்தில் எத்தனை தடவை நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1975 மே மாதம், அசாமில் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில் கண்டுபிடித்த பெண்தான் இந்திய மண்ணில் கடைசி நோயாளி.

நேர்மாறான உதாரணம் பெய்ஜிங், 2003. சார்ஸ் நோய் நகரத்துக்குள் நுழைந்து வாரக்கணக்காகியும் மொத்தமே 37 பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜியாங் யான்யோங் என்ற ராணுவ மருத்துவர், ஓய்வு பெற்ற பெரியவர், எங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே அதைவிட அதிகம் இருக்கிறதே என்று ஊடகங்களுக்கு எழுதிப் போட்டார். ஏப்ரல் 20-ம் தேதி அரசு திடீரென்று 339 என்று அறிவித்தது, அன்றைக்கே சுகாதார அமைச்சரும் மேயரும் வீட்டுக்குப் போனார்கள். நோய் ஒரே நாளில் ஒன்பது மடங்கு பெருகவில்லை. ஒளித்து வைத்திருந்ததை எடுத்து வெளியே வைத்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் சீனா என்ன செய்தது? ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தலைநகருக்குத் தகவல் போகிற மாதிரி கணினி வலைப்பின்னல் போட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் 2020 ஜனவரி 3-ம் தேதி, வூஹானில் லீ வென்லியாங் என்ற கண் மருத்துவரைப் போலீஸ் கூப்பிட்டு, வதந்தி பரப்பினேன் என்று கையெழுத்து வாங்கியது. அவர் செய்த குற்றம், சக மருத்துவர்களை எச்சரித்தது. அடுத்த மாதமே கொரோனாவில் இறந்துபோனார். கணினியை மாற்றினார்கள், கெட்ட செய்தி சொன்னவனைக் கூப்பிட்டு மிரட்டுகிற பழக்கத்தை மாற்றவில்லை.

நம் மக்களுக்குச் சொன்னால் புரியாது, லத்தியை எடுத்தால்தான் அடங்குவார்கள் என்கிறார் என் நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? – ஈரோடு வாசகர்

உங்கள் நண்பருக்கு முன்னாடியே வெள்ளைக்காரன் இதை முயற்சி செய்துவிட்டான். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. 1897 பிப்ரவரியில் அவசர அவசரமாகக் கொள்ளைநோய்ச் சட்டம் போட்டார்கள். நான்கே பிரிவு. அரசு என்ன வேண்டுமானாலும் செய்யலாம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தில் செயல்பட்ட அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. அடைத்து வைக்கப்பட்டவனுக்குச் சாப்பாடு யார் கொடுப்பது, எரிக்கப்பட்ட வீட்டுக்கு நஷ்டஈடு உண்டா என்பதெல்லாம் அதில் கிடையாது. 2020-ல் கொரோனா வந்தபோதும் மாநிலங்கள் இதே சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தன.

புனேயில் டபிள்யூ. சி. ராண்ட் என்ற அதிகாரி தலைமையில் பிளேக் கமிட்டி. சிப்பாய்கள் வீட்டுக்குள் புகுந்து சமையலறை, பூஜையறை எதையும் விடாமல் தேடினார்கள், பெண்களைத் தெருவில் நிறுத்திச் சோதித்தார்கள் என்று ஊரே கொதித்தது. விளைவு, ஜனங்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். செத்தவர்களைக்கூட மறைத்தார்கள். 1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா ராணியின் வைரவிழா விருந்து முடிந்து வந்த ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அதற்குப் பிறகுதான் சர்க்கார் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து, கட்டாயத்தைத் தளர்த்தி, உள்ளூர்க்காரர்களை வைத்து வேலை செய்யப் பழகியது.

நூறு வருஷம் கழித்து லைபீரியாவில் அதே தப்பு. 2014 ஆகஸ்ட் 20, மன்ரோவியா நகரத்தில் வெஸ்ட் பாயிண்ட் என்ற குடிசைப்பகுதி, ஒரு பக்கம் கடல், பல ஆயிரம் பேர் நெருக்கியடித்துக் கிடக்கிற இடம். எபோலா என்ற உயிர்க்கொல்லி நோய் பரவுகிறது என்று சொல்லி விடிவதற்குள் முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். அன்றைக்கே அங்கிருந்த பெண் ஆணையரின் குடும்பத்தை மட்டும் பாதுகாப்பாக வெளியே அழைத்துப்போக ஆட்கள் வந்தார்கள், அதைக் கண்ணால் பார்த்த கூட்டம் கல்லெறிந்தது, சிப்பாய்கள் சுட்டார்கள், 15 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். உள்ளே அரிசி விலை எகிறியது. கம்பியில் காவல் நின்றவனுக்குக் காசு கொடுத்து வெளியேறியவர்களும் உண்டு. பத்து நாளில் அரசே முற்றுகையை விலக்கிக்கொண்டது. அதே நாட்டில் பின்னால் நோய் குறைந்ததற்கு, தெருவாரியாக அந்தந்தப் பகுதி இளைஞர்களே யாருக்குக் காய்ச்சல் என்று பார்த்துச் சொன்னதும், சவ அடக்கத்தை மரியாதையோடும் பாதுகாப்போடும் செய்ய வழி கண்டதும் முக்கியமான காரணங்கள்.

தனிமைப்படுத்தலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடைப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பவனின் வயிற்றுக்கு என்ன வழி என்று யோசித்தீர்களா, அதுதான் கேள்வி.

2020 ஏப்ரலில் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் கடைகளில் கூட்டம் அலைமோதியதே, அதனால்தானே கோயம்பேடு காய்கறிச் சந்தையில் கொரோனா வெடித்தது? – வில்லிவாக்கம் வாசகி

அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் பங்கு இருக்கிறது. ஏப்ரல் 24 அன்று அறிவிப்பு. 26 காலையிலிருந்து 29 இரவு வரை சென்னை, கோவை, மதுரையில் முழு அடைப்பு. நடுவில் ஒரே ஒரு நாள், 25-ம் தேதி சனிக்கிழமை. நான்கு நாளைக்குக் காய்கறி இல்லை என்றால் யார்தான் பையை எடுத்துக்கொண்டு ஓட மாட்டார்கள்? அந்தக் கூட்டத்தைப் பொறுப்பில்லாத ஜனம் என்று திட்டியவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் நிறைய இருந்திருக்கும்.

கோயம்பேட்டின் சிக்கல் அதைவிடப் பழையது. தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் லாரிகள் வந்து குவியும் இடம், சுமை தூக்குகிறவர்கள் அங்கேயே படுத்து அங்கேயே எழுகிறவர்கள். அந்தச் சந்தையைப் பிரித்து வேறு இடங்களுக்கு மாற்றலாம் என்ற பேச்சு ஏப்ரலிலேயே நடந்தது, வியாபாரிகள் ஒப்பவில்லை, இழுபறி. மே 5-ம் தேதி மூடினார்கள், அப்புறம் திருமழிசைக்கு மாற்றினார்கள். அதற்குள் தொழிலாளர்கள் அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று ஊர் போய்ச் சேர்ந்துவிட, அங்கெல்லாம் எண்ணிக்கை குபீரென்று ஏறியது. ஒரு சந்தையை மூடும்போது அங்கே வேலை செய்கிறவன் எங்கே போவான் என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து நள்ளிரவில் நாட்டையே மூடியபோதும் இதைத்தான் மறந்தோம், நெடுஞ்சாலையில் நடந்து போனவர்களைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது.

அதே சென்னை, அடுத்த சில வாரங்களில் நல்ல வேலையும் செய்தது. தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம், தினமும் வீடு வீடாக வந்து காய்ச்சல் உண்டா என்று கேட்ட மாநகராட்சிப் பணியாளர்கள், பரிசோதனைக்கு ஆர்.டி.பி.சி.ஆர். மட்டும்தான் என்ற பிடிவாதம். வேறு பல மாநிலங்கள், நோயைத் தவறவிடக்கூடிய ரேபிட் டெஸ்ட்டை வைத்து எண்ணிக்கையை அழகாகக் காட்டிய நேரத்தில், கொஞ்சம் அசிங்கமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது பாராட்ட வேண்டிய விஷயம்.

சூரத் பிளேக்குக்குப் பிறகு அந்த நகரமே மாறிவிட்டது என்று பாடப்புத்தக உதாரணமாகச் சொல்கிறார்கள். உண்மையா, மிகையா? – சிவகங்கை வாசகர்

உண்மை. ஆனால் சொல்கிறவர்கள் பாதிக்கதைதான் சொல்கிறார்கள்.

1994 செப்டம்பரில் சூரத்தில் நுரையீரல் பிளேக் என்று செய்தி பரவியது. சில நாளில் லட்சக்கணக்கான பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். தனியார் மருத்துவர்கள் பலர் நோயாளிகளுக்கு முன்னாலேயே கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மருந்துக்கடையில் பிளேக்குக்கான டெட்ராசைக்ளின் மாத்திரை இல்லை. வளைகுடா நாடுகள் விமானத்தை நிறுத்தின, இந்தியச் சரக்கு துறைமுகங்களில் தேங்கியது. நாடு முழுவதும் இறந்தவர்கள் அறுபதுக்கும் குறைவு. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதே வருஷம் காசநோயில் போன உயிர்கள் லட்சக்கணக்கில், அதற்காக ஒரு விமானமும் நிற்கவில்லை. நோயைவிட நிர்வாகம் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் அதிக நாசம் செய்தது.

1995 மே மாதம் எஸ். ஆர். ராவ் மாநகராட்சி ஆணையராக வந்தார். எல்லோரும் சொல்வது அவர் குப்பையை அள்ளினார், ஆக்கிரமிப்பை இடித்தார் என்பதை. இடித்தார்தான், அதுவும் செல்வாக்குள்ளவர்களின் கட்டடத்திலிருந்து ஆரம்பித்தார், அதனால் ஏழைகளின் பகுதிக்கு வந்தபோது யாரும் வாய் திறக்க முடியவில்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நகரத்தை ஆறு மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆணையரைப் போட்டு, பணம் செலவழிக்கும் அதிகாரத்தையும் அவர்கள் கையிலேயே கொடுத்தார். பழைய ஏற்பாட்டில் ஒரு சாக்கடை மூடி உடைந்தால்கூடக் கோப்பு தலைமையகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். அப்புறம் "ஏ.சி.யிலிருந்து டி.சி.க்கு" என்று ஒரு திட்டம். குளிரூட்டிய அறையிலிருந்து (ஏர் கண்டிஷன்) தினசரி வேலைக்கு (டெய்லி சோர்ஸ்) என்று அர்த்தம். காலை முழுக்க அதிகாரிகள் எல்லோரும் தெருவில், அவரும் தெருவில், பிற்பகலில்தான் கூட்டம். காலையில் கண்ட பள்ளத்தைப் பற்றி அன்றைக்கே பேசியாக வேண்டும் என்றால் பொய் சொல்ல எங்கே இடம்? ராத்திரி பத்து மணிக்குமேல் கடைத்தெருவைப் பெருக்க ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிகளும் மருத்துவர்களும் காய்ச்சல் கணக்கைத் தினமும் அனுப்ப வைத்தார்கள். இரண்டு வருஷத்துக்குள் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக், சண்டிகருக்கு அடுத்த சுத்தமான நகரம் சூரத்தான் என்றது.

ராவ் மாற்றலாகிப் போன பிறகும் அமைப்பு விழவில்லை. 2023-ம் ஆண்டுக்கான தூய்மைக் கணக்கெடுப்பில் இந்தூரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. நேர்மையான அதிகாரிகள் நம்மிடமும் வந்து போயிருக்கிறார்கள், போனபிறகு என்ன மிஞ்சியது என்று கேட்டால்தான் சங்கடம்.

நிதியும் வசதியும் இல்லாத நாடு என்னதான் செய்ய முடியும்? – மயிலாடுதுறை வாசகர்

நைஜீரியாவைப் பாருங்கள். 2014 ஜூலை 20, லைபீரியாவிலிருந்து வந்த ஒரு பயணி லாகோஸ் விமான நிலையத்தில் சுருண்டு விழுந்தார். அரசு மருத்துவர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்ததால் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மூத்த மருத்துவர் ஸ்டெல்லா அமேயோ அடாடெவோ. முதலில் மலேரியா என்றுதான் சிகிச்சை. அவருக்குச் சந்தேகம் தட்டி எபோலா பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். அந்தப் பயணி மாநாட்டுக்குப் போக வேண்டிய அரசு அதிகாரி, அனுப்பிவைக்கச் சொல்லி லைபீரியத் தரப்பிலிருந்து அழுத்தம். அடாடெவோ விடவில்லை. கோடிக்கணக்கான பேர் வசிக்கும் லாகோஸில் அந்த ஆள் தெருவில் இறங்கியிருந்தால்? அடாடெவோவும் அந்த நோயிலேயே ஆகஸ்ட் மாதம் இறந்தார்.

போலியோ ஒழிப்புக்காக நைஜீரியா ஏற்கெனவே ஒரு அவசர நடவடிக்கை மையம் வைத்திருந்தது. ஆட்கள், வாகனம், வீடு வீடாகப் போகிற பழக்கம் எல்லாம் தயார். அந்த அணியை அப்படியே எபோலாவுக்குத் திருப்பிவிட்டார்கள். நோயாளிகளோடு பழகிய சுமார் 900 பேரைத் தினமும் வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். மொத்தம் 20 பேருக்கு நோய், 8 பேர் சாவு, அக்டோபர் 20-ம் தேதி நாடு விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பணக்கார நாடு இல்லை, நேற்றுவரை வேறு வேலை செய்துகொண்டிருந்த அணி இருந்தது.

அமைச்சர் தினமும் டி.வி.யில் வந்து பேசுவது விளம்பரம்தானே? – மதுரை வாசகி

பேசுகிற விஷயத்தைப் பொறுத்தது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தபோது, அப்போது கேரளச் சுகாதார அமைச்சராக இருந்த கே. கே. சைலஜா அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டார். இன்று எத்தனை பேர், எங்கே, நாளை என்ன செய்யப்போகிறோம் என்று தினமும் சொன்னார்கள். வௌவால் தின்ற பழத்தைத் தொடாதே, ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடாதே என்கிற அளவுக்குச் சின்னச் சின்ன விஷயம்கூட. நோய் கண்டவர்களில் பிழைத்தது இரண்டே பேர். அப்படிப்பட்ட நோய் வந்தும் சூரத் மாதிரி ஊர் காலியாகவில்லை. உடல்களை எரிக்க மயான ஊழியர்கள் தயங்கியபோது மாநகராட்சியின் சுகாதார அலுவலரே முன்னால் நின்று தகனத்தை நடத்தினார். டி.வி. பேச்சுக்கு மதிப்பு வருவது அந்த மாதிரி ஆட்களால்.

தனியார் ஆஸ்பத்திரிகளை நம்பலாமா? – நாகர்கோவில் வாசகர்

நம்புவதும் நம்பாததும் இருக்கட்டும், தகவலை வாங்குங்கள். மேலே சொன்ன நிபாவை முதலில் சந்தேகித்தது கோழிக்கோட்டு தனியார் மருத்துவமனை மருத்துவர்கள்தான், ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மூளைக்காய்ச்சல் வருகிறதே என்று உறுத்தி, மாதிரியை மணிப்பாலில் உள்ள வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முதல் நோயாளி இறந்தது அதற்குமுன்பே அரசு மருத்துவக் கல்லூரியில், அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அதன் நடைபாதைகளில்தான் பலருக்குத் தொற்றியது.

என் மகள் ஐ.ஏ.எஸ். பயிற்சியில் இருக்கிறாள். அவளுக்கு ஏதாவது சொல்லுங்களேன். – தஞ்சாவூர் வாசகி

வாழ்த்துகள் அம்மா. முதல் மாவட்டத்தில் சேர்ந்ததும், நோய் எதுவும் இல்லாத சமயமாகப் பார்த்து, கிராம சுகாதார செவிலியர் ஒருவரோடும் சுகாதார ஆய்வாளர் ஒருவரோடும் ஒரு நாள் முழுக்கச் சுற்றச் சொல்லுங்கள். எந்தத் தெருவில் குழாயோடு சாக்கடை கலக்கிறது என்பது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு நல்ல சொத்து உண்டு. பொது சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகம் 1920-களிலிருந்து இருக்கிறது, 1939-லேயே தனிச் சட்டம் போட்ட மாகாணம் நாம். பல மாநிலங்களில் ஆஸ்பத்திரி மருத்துவரையே நாலு நாள் கொசு ஒழிப்புக்கும் அனுப்புவார்கள், இங்கே அதற்கென்று பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உடல்கள், உப்பு நீர் ஏறிய குடிநீர், முகாம்களில் நெரிசல் என்று காலராவுக்குத் தேவையான அத்தனையும் இருந்தது. காலரா வரவில்லை. மற்ற மாவட்டங்களிலிருந்து சுகாதாரப் பணியாளர்களை வரவழைத்து, தொட்டி தொட்டியாகக் குளோரின் கலந்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டார்கள். வராத நோய்க்கு யாரும் செய்தி போட மாட்டார்கள், அதனால் அந்தப் பணியாளர்களின் பெயர் உங்களுக்கும் எனக்கும் தெரியாது. உங்கள் மகளுக்காவது தெரிந்திருக்கட்டும்.

கைதட்டினோம், விளக்கேற்றினோம். அதற்கு ஏதாவது பலன் உண்டா? – சேலம் வாசகர்

கைதட்டியதில் குற்றமில்லை. ஆனால் கொரோனா காலத்தில் ஒப்பந்த அடிப்படையில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் அதிகமான செவிலியர்களை, பணிக்காலம் முடிந்தது என்று 2022 டிசம்பர் 31-ஓடு நம் மாநிலத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் வேறு திட்டங்களில் வேலை தருகிறோம் என்ற பேச்சு வந்தது. அடுத்த தடவை நள்ளிரவில் போன் போட்டு "உடனே கிளம்பி வாம்மா" என்று கூப்பிடும்போது, அந்தப் பெண்களில் எத்தனை பேர் போனை எடுப்பார்கள் என்று கேட்டு அரசுக்கு ஒரு கடிதம் போடுங்கள். நகலை எனக்கும் அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.